மண்ணெண்ணெயில் ஓடின கார்

(எங்கள் சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக்குழுத் தம்பிமார் வந்து, "அண்ணை, இந்த முறை நீங்கள்தான் பேசவேணும்" எண்டு கேட்டபோது நான் மாட்டன் எண்டுதான் சொன்னனான். ஸ்பனர் பிடிச்சுப் பழகின கை இது. மைக் பிடிச்சுப் பழகேல்லை. தமிழைப் பற்றியும் பண்பாட்டைப் பற்றியும் பேசப் படிச்ச ஆட்கள் இருக்கினம். "நீங்கள் உங்கட காரைப் பற்றிப் பேசுங்கோ, போதும்" என்றார்கள். ஆகவே காரைப் பற்றியே பேசுகிறேன். அதற்குள் வேறு ஏதாவது வந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

இந்த மண்டபத்து வாசலில் ஒரு கடும் பச்சை நிறக் கார் நிற்கிறது. வரும்போது பார்த்திருப்பீர்கள். சில பிள்ளைகள் அதில் சாய்ந்து படமும் எடுத்தார்கள். அதைத் திருத்த எனக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் எடுத்தது. அந்தக் காலத்தில் இந்தச் சபையில் இருக்கிற பலபேர் "உவருக்கு விசர்" எண்டு சொன்னது எனக்குத் தெரியும். என்ர மனிசி அதை என் முகத்துக்கு நேரேயே சொன்னவா. சீட்டு எடுத்த காசில் 6,000 டொலரைக் கொடுத்து, ஓடாத கறள் பிடிச்ச கார் ஒன்றை இழுவை வண்டியில் ஏத்திக்கொண்டு வந்தால் எந்தப் பெண்சாதிதான் சும்மா இருப்பா? "இஞ்சருங்கோ, வீட்டுக்கு வர்ற ஆட்கள் என்ன நினைப்பினம்?" என்று கேட்டா. எனக்கு மறுமொழி இல்லை.

அது செவ்றொலே கொம்பனியின் செவெல் மலிபு, 1970 ஆம் ஆண்டுக் கார். முன் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் ஒரு தகட்டில் பதின்மூன்று இலக்கம் தெரியும். அதில் ஏழாவது இடத்தில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருக்கு. ஆர்லிங்ரன் தொழிற்சாலையில் செய்தது என்பதற்கு அதுதான் அடையாளம். இர்விங்கில் இருந்து அரை மணித்தியால ஓட்டம். 1954 இல் தொடங்கின அந்தத் தொழிற்சாலை இன்றைக்கும் வேலை செய்யுது. இப்ப பெரிய எஸ்.யு.வி. வாகனங்கள் செய்யினம். இந்த மண்டபத்துக்குள் இருக்கிற பெரிய ஆட்களில் ஒருவரும் ரெக்சாஸில் பிறக்கவில்லை. அந்தக் கார்தான் பிறந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இந்த நாட்டில் இப்படியான கார்களை 'மசில் கார்' என்பார்கள். நடுத்தர அளவான காருக்குள், பெரிய காருக்குரிய என்ஜினைத் தூக்கி வைக்கிறது. 1964 இல் பொன்ரியாக் கொம்பனி 'ஜி.ரி.ஓ.' என்ற காரை விட்டதோடு இந்த மோகம் பிடிச்சுது. பிறகு செவ்றொலே, போர்ட், டொட்ஜ், பிளிமத் எல்லாம் போட்டிக்கு வந்தன. சரியாகச் சொன்னால், 'எஸ்.எஸ்.' என்று பெயர் போட்ட, 396 அல்லது 454 என்ஜின் வைச்ச செவெல்தான் அசல் மசில் கார். என்னுடையது அதின்ர ஏழைத் தம்பி. 350 கன அங்குலம், எங்கட கணக்கில் 5,700 சி.சி.; 250 குதிரைவலு. கொக்குவிலில் என்ர ஐயா வைச்சிருந்த ஒஸ்ரின் ஏ-40க்கு 1,200 சி.சி., 40 குதிரைவலு. ஆனால் நான் கண்ட கார்களுக்குள் பலசாலி எது என்று கேட்டால், அந்த ஏ-40 என்றுதான் சொல்லுவன். ஏன் எண்டு சொல்லுறன்.

மசில் கார்களின் காலம் பத்து வருஷம்கூட நிலைக்கவில்லை. காப்புறுதிக் கட்டணம் ஏறியது. 1970 இல் காற்று மாசுக்கு எதிராகக் கடுமையான சட்டம் வந்தது. 1973 ஒக்ரோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதைத் தடை செய்தன. பெற்றோலுக்குக் கியூ நின்றார்கள். 1974 தொடக்கத்தில் நாடு முழுவதும் மணிக்கு 55 மைலுக்கு மேல் ஓடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். பெரிய என்ஜின் கார்களை மூலையில் விட்டுவிட்டுச் சின்னக் காருக்கு மாறினார்கள். ஒரு தடை வந்தது, கார்களைக் கைவிட்டார்கள்.

எங்களுக்கும் ஒரு தடை வந்தது. முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கோ.

யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர், கேம்பிறிட்ஜ் என்று பழைய ஆங்கிலக் கார்கள் ஓடினது ஆசைக்காக இல்லை. 1960களில் இருந்து 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு. புதுக்கார் வாங்க ஏலாது. ஆகவே இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓடினார்கள். அதில் ஒரு தலைமுறை மெக்கானிக்மார் உருவானார்கள். என்ர ஐயா அதில் ஒருவர். 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கினதோடு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, மின்சாரம் இல்லை. நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படிச்சனாங்கள். மண்ணெண்ணெய் மட்டும் நெருப்பு விலையில் கொஞ்சம் கிடைச்சுது.

ஐயா ஏ-40 ஐ மண்ணெண்ணெய்க்கு மாத்தினார். யாழ்ப்பாணம் முழுக்க அப்ப இதைத்தான் செய்தார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, ஆகவே என்ஜின் குளிராய் இருக்கேக்க பத்தாது. ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலை வைச்சு, அதில் கொஞ்சத்தைக் காபரேற்றருக்குள் விட்டு, முன்னாலே கைபிடி போட்டுச் சுத்தி ஸ்ராட் பண்ண வேணும். என்ஜின் நல்லாய்ச் சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேணும். மண்ணெண்ணெய் குழாயில் சூடாகி வரட்டும் என்று, ஐயா ஒரு செப்புக் குழாயைப் புகைக் குழாய்க்குப் பக்கத்தால் வளைச்சுக் கொண்டுபோனார். என்ஜின் தட்டும் என்பதற்காக ஹெட்டுக்கு அடியில் கஸ்கெற் ஒன்றுக்கு இரண்டு போட்டு அமுக்கத்தைக் குறைச்சார். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி என்ஜின் ஒயிலைத் தண்ணியாக்கும். அதனால் ஒயிலை அடிக்கடி மாத்த வேணும். வெள்ளைப் புகை, கண் எரிச்சல், மணம். ஆனால் கார் ஓடிச்சுது. இது எங்கட கண்டுபிடிப்பு என்று நான் பெருமை பேச வரேல்லை. முன்பு இங்கிலாந்திலும் உழவு இயந்திரங்களைப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் மலிவான எண்ணெய்க்கு மாத்தி ஓடினவை. ஐயாவுக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிஞ்சது, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்கள் வந்து வாசலில் நிற்கினம் என்பதுதான்.

1992 இல் ஒருநாள் ஐயா காபரேற்றருக்குள் பெற்றோல் விட, நான் கைபிடி சுத்தினனான். என்ஜின் திருப்பி அடிச்சுது. நெருப்பு மேலே பாய்ஞ்சு ஐயாவின் புருவமும் வலது கையும் எரிஞ்சு போச்சு. ஈரச்சாக்கைப் போட்டு நெருப்பை அணைச்சிட்டு அவர் முதல் கேட்டது, "தம்பி, உனக்கு ஒண்டும் இல்லையே?" எண்டுதான். அந்தக் கையின் தோல் கடைசிவரை சுருங்கித்தான் இருந்தது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதியைப் பற்றி உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. அப்பாச்சியையும், பிள்ளை பெற்று ஒரு கிழமைகூட ஆகாத பக்கத்து வீட்டு அக்காவையும் குழந்தையையும் ஏ-40 இல் ஏத்தினோம். நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஆள் நடக்கிற வேகத்தில்தான் கார் போனது. அப்படி ஊர்ந்தால் றேடியேற்றர் கொதிக்கும். கொட்டுற மழையில் சனம் குடையை விரிச்சுக் குடிக்கத் தண்ணி பிடிச்சினம். நாங்கள் றேடியேற்றருக்கும் பிடிச்சனாங்கள். பாலம் தாண்டி மண்ணெண்ணெய் முடிஞ்சுது. முன்பின் தெரியாத பெடியள் நாலைஞ்சு பேர் சேர்ந்து தள்ளினவை. விடியச் சாவகச்சேரி போய்ச் சேர்ந்தோம்.

1996 இல் நாங்கள் கொக்குவிலுக்குத் திரும்பினபோது காரைக் கொண்டுவர முடியவில்லை. சாவகச்சேரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு மாமரத்தின் கீழ் விட்டிட்டு வந்தோம். 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி தரைமட்டமானது. பிறகு போய்ப் பார்த்தவர்கள் சேசிஸ் மட்டும் கிடக்கு என்றார்கள். நான் அடுத்த வருஷம் இங்கே வந்து சேர்ந்தேன். ஐயா 2004 இல் காலமானார். எனக்கு அப்ப பத்திரம் இல்லை. போக முடியவில்லை. இந்தச் சபையில் இப்படித் தகப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போக முடியாமல் போனது நான் ஒருவன் மட்டும் இல்லை. அம்மா ஆள் மூலம் ஒரு ஸ்பனர் அனுப்பினா. ஐயா கேம்பிறிட்ஜ் கார்களுக்குப் பாவிச்ச அரை அங்குல ஸ்பனர். இந்தக் காலத்துக் கார்கள் எல்லாம் மில்லிமீற்றர். பதின்மூன்று வருஷம் அது லாச்சிக்குள் சும்மா கிடந்தது.

2017 இல் செவெலை வாங்கினபோது அதன் நட்டுகள் எல்லாம் அங்குலக் கணக்கு. அந்த ஸ்பனர் பொருந்திச்சுது. நான் கராஜுக்குள் இருந்து அழுததை மனிசி கண்டிட்டா. அதற்குப் பிறகு அவா விசர் எண்டு சொல்லேல்லை.

வேலை எப்படிச் செய்தது எண்டு சில தம்பிமார் கேட்டிருந்தார்கள். சுருக்கமாகச் சொல்லுகிறேன். முதலில் ஒன்றையும் கழட்டாமல் எல்லாப் பக்கமும் படம் எடுங்கோ. கழட்டுகிற ஒவ்வொரு ஆணியையும் பிளாஸ்ரிக் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கோ. இன்றைக்குக் கழட்டினதை மூன்று வருஷம் கழிச்சுத்தான் பூட்டுவீர்கள், ஞாபகத்தை நம்பாதேங்கோ. கறளைப் பெயின்ற்றுக்கு மேலே பார்த்து விலை பேசாதேங்கோ. பின் கண்ணாடிக்குக் கீழே, பின் சில்லுக்கு மேலே, டிக்கியின் தரை, இந்த மூன்று இடத்திலும் தட்டிப் பாருங்கோ. ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகாதேங்கோ. தாங்கி வைக்காமல் ஒரு நிமிஷமும் வேண்டாம். நான் இரவு வேலை செய்கிறவன். கிழமைக்கு ஒரு சனிக்கிழமைதான். மகள் அப்ப பத்து வயது. விளக்குப் பிடிக்க வந்தவள். மூன்றாம் வருஷம் அவளே காபரேற்றரைக் கழட்டிக் கழுவிப் பூட்டினாள்.

இனி நான் விட்ட பிழையைச் சொல்ல வேணும்.

நான் இந்தக் காரை 1970 இல் தொழிற்சாலை வாசலைத் தாண்டினபடி, ஒரு ஆணி மாறாமல் கொண்டுவர வேணும் என்று நின்றேன். கண்காட்சியில் கௌரவம் அதற்குத்தான். எத்தினையோ இடத்தில் தேடி, அந்தக் காலத்தில் செய்து விற்காமல் கிடந்த பெற்றோல் ஓஸ் ஒன்று வாங்கினேன். றப்பர். பெட்டியும் பழசு, முத்திரையும் அசல். ஐம்பது வருஷப் பழைய றப்பர் என்பதை நான் யோசிக்கவில்லை. மெக்கானிக்கின் மகன் யோசிக்கவில்லை. இந்த நாட்டில் இப்ப விற்கிற பெற்றோலில் பெரும்பாலும் பத்து வீதம் வரை எதனோல் என்ற மதுசாரம் கலந்திருக்கு. அது பழைய றப்பரைத் தின்னும். ஓஸ் வீங்கி, வெடிச்சு, ஒழுகும்.

2021 ஓகஸ்ற், ஒரு சனிக்கிழமை மத்தியானம். வெயில் 100 பாகைக்கு மேல். காலையில் என்ஜினை ஓட விட்டுப் பார்த்திட்டு, இரவு வேலைக் களைப்பில் நான் படுத்திட்டன். மகள் கராஜ் கதவைத் திறந்தவள், பெற்றோல் மணத்தோடு நின்றிருக்கிறாள். காருக்குக் கீழே பெற்றோல் குளம். ஐந்தடி தள்ளி எங்கட சுடுதண்ணி அடுப்பு, வாயுவில் எரிகிறது. அவள் லைற் சுவிச்சைத் தொடவில்லை, கராஜின் மின்கதவையும் திறக்கவில்லை. எல்லாரையும் எழுப்பி முன்வாசலால் வெளியே கொண்டுவந்து, றோட்டில் நின்று 911க்கு அடிச்சாள்.

தீயணைப்புக்காரர் வந்து எல்லாவற்றையும் அடங்கப் பண்ணினார்கள். ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய், அந்தச் சுடுதண்ணித் தாங்கி ஒரு மேடையில் இருப்பதைக் காட்டினார். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், தரையோடு தவழும். அதனால்தான் கராஜுக்குள் வைக்கிற தாங்கியின் நெருப்பு, தரையில் இருந்து 18 அங்குலமாவது உயரத்தில் இருக்க வேணும் என்று கட்டட விதி. அந்த 18 அங்குலம்தான் அன்றைக்கு எங்களைக் காப்பாத்தினது. உங்கள் வீட்டிலும் கராஜுக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். இன்றைக்குப் போய்ப் பாருங்கோ. பெற்றோல் கானை அதற்குப் பக்கத்தில் வைக்காதேங்கோ.

இரவு மகள் என்னோடு கதைக்கவில்லை. அடுத்த நாள் நான், இன்னொரு அசல் ஓஸ் தேடி வாங்கலாம் எண்டு சொன்னேன். அவள் தன்ர தமிழில் கேட்டாள்: "அப்பா, அப்பப்பா மண்ணெண்ணெய்க்கு என்ஜினையே மாத்தினவர். நீங்கள் எதனோலுக்கு ஒரு ஓஸ் மாத்த மாட்டீங்களா? அப்பப்பாட கை எரிஞ்ச கதையை நீங்கள்தானே சொன்னீங்கள்?"

எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. ஐயாவின் நினைவாகத்தான் இந்தக் காரைத் திருத்துகிறேன் என்று நான் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். ஐயா ஒருநாளும் ஒரு காரையும் அது செய்தபடி வைச்சிருந்தவர் இல்லை. ஊரில் என்ன எண்ணெய் கிடைக்குதோ அதற்கு ஏற்றபடி மாத்தினார். ஆட்களை ஏத்திக்கொண்டு போக வேணும், அதுதான் அவருக்குக் கார். நான் செய்ததோ பூட்டி வைச்சுப் பார்க்கிற வேலை.

பிறகு மகளும் நானும் இருந்து ஒரு பட்டியல் போட்டோம். பெற்றோல் ஓஸ்கள் எல்லாம் எதனோலைத் தாங்கும் புதுவகை. முன் சில்லுகளுக்குப் பழைய ட்றம் பிரேக்கைக் கழட்டி டிஸ்க் பிரேக் போட்டோம். பொயின்ற் வைச்ச பழைய பத்தவைப்புக்குப் பதிலாக இலத்திரனியல் பத்தவைப்பு. ஈயம் கலந்த பெற்றோலுக்குச் செய்த ஹெட்டில், ஈயம் இல்லாத பெற்றோலுக்கு ஏற்ற கடினமான வால்வ் சீற் வைச்சோம். பின் ஆசனத்தில் இடுப்புப் பட்டி மட்டும்தான் இருந்தது. தோளுக்கும் வருகிற பட்டி பூட்டினோம். சுடுதண்ணித் தாங்கியைக் கராஜை விட்டே எடுத்திட்டம். என்ஜின், பொடி, ஸ்ரியறிங், உள்ளே இருக்கிற பழைய றேடியோ, இவை அப்படியே இருக்கு. கழட்டினவற்றையும் எறியவில்லை, பெயர் எழுதி மேல்தட்டில் வைச்சிருக்கிறம். கண்காட்சிக்குப் போனால் புள்ளி குறையும். குறையட்டும். போன கிழமை அந்தக் காரில்தான் மகள் ஒரு அம்மம்மாவைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவள்.

தமிழைப் பற்றிப் பேசமாட்டன் எண்டு சொன்னேன். ஒன்றை மட்டும் கேட்டிட்டு முடிக்கிறேன். எங்கட பிள்ளைகள் பொங்கலை ஒரு சனிக்கிழமைக்குத் தள்ளி வைச்சால், தமிழுக்குள் இங்கிலிசைக் கலந்து கதைச்சால், நாங்கள் "அசல் இல்லை" எண்டு முகம் சுளிக்கிறம். நானும் சுளிச்சிருக்கிறன். ஆனால் நாங்களே அசல் எண்ணெயில் ஓடினவையா? 1990 இல் இருந்து நாங்கள் கிடைச்ச எண்ணெயில்தான் ஓடினம். வெள்ளைப் புகையோடு, மணத்தோடு, சனத்தை ஏத்திக்கொண்டு ஓடினம். பிள்ளைகளுக்கு இந்த ஊரில் கிடைக்கிற எண்ணெய் வேறு. அவை ஓஸை மாத்தட்டும், பிரேக்கை மாத்தட்டும். எந்த என்ஜினை விடக்கூடாது என்று காட்டிக்கொடுக்கிறதுதான் எங்கட வேலை. அதைக் காட்ட வேணுமெண்டால் பக்கத்தில் இருந்து சேர்ந்து வேலை செய்ய வேணும். தூர நின்று புள்ளி போட ஏலாது.

சனிக்கிழமைகளில் எங்கட கராஜ் கதவு திறந்திருக்கும். பத்து வயதுக்கு மேற்பட்ட பெடியளும் பெட்டையளும் வரலாம். உடுப்பு ஊத்தையாகும், தாய்மார் பேசக்கூடாது. அந்த அரை அங்குல ஸ்பனர் சுவரில் தொங்குது. கேட்டு எடுத்துப் பாவிக்கலாம், பாவிச்சால் திருப்பித் தொங்கவிட வேணும்.

பிறந்திருக்கும் புத்தாண்டு உங்கள் எல்லோருக்கும் நல்ல சுகத்தைத் தரட்டும்.